பழகாத ஆம்ப்ளிபயரும் பெடல் ஸ்டீல் வித்துவானும்

தன் வாத்தியத்தைத் தானே சுமந்து செல்லும் வித்துவானுக்கு ஊர் மாறினாலும் நாதம் மாறாது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். கன்ட்ரி என்று வழங்கும் அமெரிக்க சங்கீதத்தில் பெடல் ஸ்டீல் கிதார் வாசிக்கிறவருக்கு மட்டும் அந்தப் பாக்கியம் பாதிதான் வாய்த்திருக்கிறது. ஏனெனில் அவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது வாத்தியத்தின் ஒரு பாதியே. மற்றப் பாதி, மேடையின் பின்புறத்தில், பல சமயம் வேறொருவருக்குச் சொந்தமானதாக, முன்பின் கண்டிராத குமிழ்களோடு நின்றுகொண்டிருக்கும் ஆம்ப்ளிபயர். கம்பி அதிர்வது இங்கே. அந்த அதிர்வு சபையோர் காதில் விழும் நாதமாக உருவெடுப்பது அங்கே. டெக்ஸாஸ் மாகாணத்து நடனக் கூடமானாலும் சரி, நாஷ்வில் நகரத்து மதுக்கடை மேடையானாலும் சரி, விமானம் ஏறிப் போய்க் கலந்துகொள்ளும் ஐரோப்பிய விழாவானாலும் சரி, கச்சேரி தொடங்கச் சிறிது நேரமே இருக்கையில் அறிமுகமில்லாத அந்தப் பெட்டியைத் தம் வசப்படுத்துவது எப்படி என்பது இக்கலைஞர்கள் கூடும் இடமெல்லாம் பேசித் தீராத விஷயமாக இருந்துவருகிறது. பெடல் ஸ்டீலைக் கண்ணால் கண்டிராதவருக்குங்கூட அதில் அறிந்துகொள்ளத்தக்க சங்கதிகள் பல உண்டு.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிதாரை மடிமேல் கிடத்தி, விரலால் கம்பியை அழுத்துவதற்குப் பதிலாக எஃகுத் துண்டொன்றை அதன்மேல் வழுக்கி வாசிக்கும் முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் ஜோசப் கெகுகு என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். நம்முடைய கோட்டுவாத்தியத்தில் கட்டை செய்யும் வேலையை அங்கே எஃகு செய்கிறது என்று கொண்டால், அந்த நாதத்தின் குழைவு எத்தகையது என்பதைத் தமிழ் வாசகருக்கு வேறு வர்ணிக்க வேண்டியதில்லை. 1930களின் தொடக்கத்தில் மின்சாரத்தோடு உறவு கொண்டு கடைக்கு வந்த முதல் கிதார்களில் ஒன்று, ரிக்கன்பாக்கர் பட்டறையில் பிறந்து, வடிவத்தைக் கண்டு ஜனங்கள் ‘பொரிக்கும் சட்டி’ என்று பெயர் சூட்டிய கிதார். அதுவும் இந்த மடிக் கிதார் வகையைச் சேர்ந்ததே. பிறகு மடியை விட்டுக் கால்கள் முளைத்தன. கால்களோடு மிதிகளும் முளைத்தன. 1954ஆம் வருஷத்தில் வெப் பியர்ஸ் என்ற பாடகரின் ‘ஸ்லோலி’ என்ற இசைத்தட்டில், பட் ஐசக்ஸ் என்பவர் ஒரு கம்பி அசையாது நிற்க அதனோடு சேர்ந்து ஒலிக்கும் மற்றொரு கம்பியை மிதியால் இழுத்து மேலே ஏற்றிக் காட்டினார். அதைக் கேட்ட ஸ்டீல் வித்துவான்கள் தங்கள் வாத்தியங்களுக்கும் மிதி பூட்டிக்கொள்ள ஓடினார்கள். இன்று வழக்கத்தில் உள்ள வாத்தியத்தில் 10 கம்பிகள், இடக்காலுக்கு 3 மிதிகள், இரண்டு முழங்கால்களுக்கும் சேர்த்து நாலைந்து நெம்புகோல்கள் இருக்கின்றன. இவ்வளவும் போக வலப்பாதத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஆம்ப்ளிபயர் விவகாரத்துக்கு மூலமே அந்த வலப்பாதந்தான்.

மீட்டி வாசிக்கும் வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும், தட்டிய கணத்தில் ஒலி உச்சமாகப் பிறந்து உடனே தேயத் தொடங்குவது சுபாவம். ஸ்டீல் வித்துவான் அந்தச் சுபாவத்தைக் காலால் வெல்கிறார். வலப்பாதத்தின் கீழே வால்யூம் பெடல் என்றொரு மிதிப்பலகை இருக்கிறது. கம்பியை மீட்டும் வேளையில் அதைப் பாதியளவே திறந்து வைத்திருந்து, ஒலி தேயத் தேயப் பாதத்தின் முன்பகுதியை இம்மி இம்மியாகத் தாழ்த்திக்கொண்டே போவார். தேய்மானமும் ஏற்றமும் சரிக்குச் சரியாகி, சுரம் இளைக்காமல் நீண்டு நிற்கும்; மீட்டிய நகத்தின் தட்டல் ஒலிகூட அமுங்கிப்போகும். ஆகவே பெடல் பாதி திறந்திருக்கும்போது கேட்கும் ஒலியே அவருக்குச் சாதாரண ஒலி. மிச்சமுள்ள பாதி முழுவதும் நாதத்தை நீட்டுவதற்கென்று சேமித்து வைத்திருக்கும் மூலதனம். புதிய ஆம்ப்ளிபயர் அளவுக்கு மீறிச் சத்தம் போடும்படி வைக்கப்பட்டிருந்தால், பாதம் பெடலின் ஆரம்பத்துக் கால்பங்கிலேயே தயங்கித் தயங்கி நிற்க, அங்கே ஒரு மயிரிழை அசைந்தாலும் ஒலி துள்ளும். சத்தம் போதாமல் வைத்திருந்தாலோ, மீட்டும்போதே பாதம் தரையைத் தொட்டுவிட, நீட்டுவதற்கு மூலதனம் இல்லாமல் ஒவ்வொரு சுரமும் பாதியில் உயிர்விடும். புதிய பெட்டியின் முன் உட்கார்ந்தவுடன் வால்யூம் குமிழைக் கையால் திருகிக் காதால் மட்டும் தீர்மானிப்பவர் அவசரக்காரர். பாதத்தைப் பாதியில் நிறுத்தி, பக்க வாத்தியங்கள் எவ்வளவு உரக்க ஒலிக்குமோ அவ்வளவு உரக்கக் கேட்கும்வரை குமிழைத் திருகி, பின்பு பாதத்தை முழுதும் அழுத்தி, இருக்கும் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு முறை மீட்டிப் பார்ப்பதே சரியான பரீட்சை.

அந்தப் பரீட்சையில் ஒலி கரகரத்தால் என்ன நஷ்டம்? ராக் சங்கீதத்துக் கிதார் வித்துவான்கள் கரகரப்பை விலைகொடுத்து வாங்குகிறார்களே என்று கேட்கலாம். ஒற்றைச் சுரத்துக்குக் கரகரப்பு அலங்காரமாகலாம். ஆனால் இரண்டு மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது, சக்திக்கு மீறி உழைக்கும் ஆம்ப்ளிபயர் அவற்றைத் தனித்தனியே வளர்க்காமல் ஒன்றோடொன்று பிசைந்து, யாரும் வாசிக்காத புதுச் சுரங்களை உண்டாக்கிவிடுகிறது. விநாடிக்கு 400 அதிர்வும் 500 அதிர்வும் உள்ள இரு சுரங்களை அதற்குள் விட்டால், அவற்றின் வித்தியாசமாகிய 100 அதிர்வுச் சுரமொன்று அடியில் கிளம்பும். 4க்கு 5 என்ற சுத்தமான விகிதத்தில் சுருதி சேர்ந்திருக்கும்வரை அந்த மாயச் சுரமும் ஒத்துப்போகும். பியானோவின் சம அளவுச் சுருதிப்படி மேற்சுரம் 504 ஆனால், அடியிலுள்ளது 104 ஆகி, நிற்க வேண்டிய இடத்தைவிட்டு அரை ஸ்வரத்தின் பெரும்பகுதி விலகிவிடும். அது மாத்திரமல்ல: வித்துவான் மிதியை அழுத்தி 500ஐ 533க்கு, அதாவது அரை ஸ்வரம் மட்டுமே, நயமாக ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அடியிலுள்ள மாயச் சுரம் அதே நேரத்தில் 100இலிருந்து 133க்கு, ஷட்ஜத்திலிருந்து மத்தியமத்துக்கே தாவிவிடும். மேலே ஓர் இழைவு. கீழே ஓர் உறுமல். பெடல் ஸ்டீலின் அழகெல்லாம் அந்த ஒரு கம்பியின் நகர்வில் இருப்பதால், அதைச் சேறாக்கும் பெட்டியை இவ்வித்துவான்கள் வெறுப்பதில் ஆச்சரியமில்லை.

சுத்தமான ஒலிக்கு வேண்டியது உபரிச் சக்தி. சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமானால் வாட் சுமார் 10 மடங்காக வேண்டும் என்பது ஒலி சாஸ்திரத்தின் பொதுவான கணக்கு. எனவே 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் இடையே காதறியும் பேதம் சொற்பமே. இக்காரணத்தால் ஸ்டீல் வித்துவான்கள் ஆரம்பமுதலே பெரிய பெட்டிகளை நாடினார்கள். 1963இல் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ட்வின் ரிவெர்ப், 85 வாட் சக்தியும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் கொண்ட வால்வு ஆம்ப்ளிபயர். இன்றைய மறுபதிப்பே சுமார் 29 கிலோ நிறுக்கிறது. இதைத் தூக்கி மாடிப்படி ஏறியவர்கள் அதன் நாதத்தைப் புகழும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டே புகழ்கிறார்கள். மிஸிஸிப்பி மாகாணத்து மெரிடியன் ஊரில் ஹார்ட்லி பீவி நிறுவிய கம்பெனி, 1970களில் செஷன் 400 என்ற டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயரையும், அதன் பின்னர் நாஷ்வில் 400 என்பதையும் ஸ்டீல் வாத்தியத்தையே முக்கியமாகக் கருதித் தயாரித்தது. சுமார் 200 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. அமெரிக்க மேடைகளில் ஸ்டீலுக்கென்று பெட்டி வைத்திருந்தால், ட்வின் அல்லது பீவி என்ற இந்த இரண்டு வம்சங்களில் ஒன்றாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம். ஒரு வம்சத்தில் பழகியவர் மற்றதன் முன் உட்காரும்போது நேர்வதைக் கவனித்தால், விஷயத்தின் சூட்சுமம் முழுவதும் விளங்கிவிடும்.

நாஷ்வில் 400இல் பழகியவர் ஒருவர், புதிய ஊரில் ட்வினைக் காண்கிறார். குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்திவிட்டுத் தொடங்குவோம் என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. அவருடைய பெட்டியில் அது நியாயமான யோசனையுங்கூட. ஏனென்றால் அங்கே தொனிக் குமிழின் நடுப்புள்ளி என்பது கூட்டலும் கழித்தலும் இல்லாத பூஜ்யம். இடப்பக்கம் திருகினால் குறையும், வலப்பக்கம் திருகினால் கூடும். ட்வினிலோ எந்தக் குமிழும் எதையும் கூட்டுவதில்லை. குறைப்பதிலேயே அதிகமாகவோ கொஞ்சமாகவோ குறைப்பதுதான் உண்டு. கீழ், நடு, மேல் ஸ்தாயிகளை ஆளும் பாஸ், மிடில், ட்ரெபிள் என்ற மூன்று குமிழ்களும் ஒரே சிறு மின்வலைக்குள் பின்னிக் கிடப்பதால், ஒன்றைத் திருகினால் மற்றிரண்டின் குணமும் சற்று மாறும். மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒலியே வராது. மூன்றையும் நடுவில் நிறுத்தினால், நடுத்தர ஸ்தாயி பள்ளமாகி, மேலும் கீழும் மேடாகித் தெரியும். மேடுபள்ளம் கூடியமட்டும் இல்லாத ஒலி வேண்டுமானால், பாஸையும் ட்ரெபிளையும் மிகத் தாழ்த்தி, மிடிலை முழுதும் ஏற்றவேண்டும். பார்வைக்கு யாரோ கோபத்தில் திருகிவிட்டுப் போனதுபோல் தோன்றும் அந்த நிலைதான் ட்வினின் சமநிலை. ஆகையால் ஒரு பெட்டியின் எண்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து அடுத்த பெட்டியில் பிரயோகிப்பதைப்போல் வியர்த்தமான காரியம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். பிரபல வித்துவான்களின் குமிழ் எண்களை வேதவாக்கியம்போல் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் இக்கூட்டத்தாரிடம் நிரம்ப உண்டு; அதே பெட்டி, அதே ஸ்பீக்கர், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதே பிக்கப், அதே கை இருந்தாலொழிய அந்த எண்களுக்கு அர்த்தமில்லை.

குமிழைத் தொடுவதற்கு முன் பெட்டி நிற்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த சுரங்கள் பெருக்கும். இரு சுவர்கள் கூடும் மூலையில் தரையோடு வைத்தால் இன்னும் பெருக்கும். கீழ்ச் சுரங்கள் குமுறுகின்றன என்று பாஸ் குமிழோடு மல்லாடுவதைக் காட்டிலும் பெட்டியை இரண்டடி முன்னே நகர்த்துவது மேல். உயர்ந்த சுரங்களின் போக்கு வேறு. ஏறத்தாழ 2000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள், 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து நாற்புறமும் பரவாமல் நேரே முன்னோக்கிக் குறுகிப் பாய்கின்றன. வித்துவான் உட்கார்ந்து வாசிக்கிறவர். பெட்டி அவருக்குப் பின்னால் தரையில் இருக்கிறது. கூர்மையான ஒலி அவருடைய இடுப்பருகே கடந்து போய்விட, மழுங்கிய மிச்சமே காதுக்கு எட்டுகிறது. ஒலி மந்தமாக இருக்கிறதே என்று அவர் ட்ரெபிளை ஏற்றுகிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் புண்ணியவானின் காதில் ஊசி இறங்குகிறது. ட்வினின் பக்கங்களில் பெட்டியைப் பின்னுக்குச் சாய்த்து நிறுத்த இரண்டு உலோகக் கால்கள் உள்ளன. அவை இல்லாத பெட்டிக்கு ஒரு நாற்காலி போதும். ஸ்பீக்கர் தன் காதை நேரே பார்க்கும்படி வைத்துவிட்டால், சபை கேட்பதைத் தானும் கேட்டுத் தீர்மானிக்க இயலும்.

இனிக் குமிழ்களுக்கு வரலாம். எதிரொலி சேர்க்கும் ரிவெர்பைப் பூஜ்யத்தில் வை, ஒலியைக் கூர்மையாக்கும் பிரைட் விசையை அணை, வால்யூமை முன்சொன்னபடி பாதத்தோடு சேர்த்து நிதானித்துக்கொள் என்பதுவரை எல்லா அனுபவசாலிகளும் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். பீவியில் முன்குமிழ், பின்குமிழ் என்று சத்தத்துக்கே இரண்டு உண்டு. முன்னது பெட்டிக்குள் நுழையும் ஒலியையும் பின்னது வெளியேறும் ஒலியையும் ஆளுகின்றன. ஸ்டீல் வாத்தியத்தின் பிக்கப் சாதாரணக் கிதாருடையதைவிட அதிகச் சுற்றுகள் சுற்றப்பட்டு அதிக பலத்தோடு ஒலியை அனுப்புவதால், முன்குமிழை ஏற்றிவைத்தால் வாசலிலேயே நெரிசல் உண்டாகும். அதைத் தாழ்த்திப் பின்குமிழை ஏற்றுவதே க்ஷேமம். ட்வினில் முன்பக்கம் ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு துளைகள் உண்டு. இரண்டாவது துளை ஒலியைப் பாதியாக்கி உள்ளே விடும். முதல் துளையில் ஒலி கரகரத்தால், குமிழோடு போராடாமல் இரண்டாவதில் செருகிப் பார்க்கலாம்.

வால்யூம் தீர்ந்தபின் கவனிக்கவேண்டியது நடுத்தர ஸ்தாயி. பாஸும் ட்ரெபிளும் மிகையானால் யாரும் உடனே உணர்ந்துகொள்வார்கள். நடு ஸ்தாயியின் கேடு அப்படி முகத்தில் அறைவதில்லை. பிக்கப் கம்பிகளின் முனையருகே அமைந்திருப்பதாலும், அது தன் சுற்றுகளின் சுபாவத்தால் சில ஒலிகளைத் தூக்கிக் காட்டுவதாலும், ஸ்டீலில் ஒருவித மூக்கொலி எழும். ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது மாதிரி. விநாடிக்கு 800 அதிர்வை ஒட்டிய பிரதேசத்தில் அதன் வாசம் என்று பீவிக்காரர்கள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் பெட்டியில் ஷிஃப்ட் என்றொரு குமிழ் எந்த இடத்தில் வெட்டுவது என்பதையும், மிட் என்ற குமிழ் எவ்வளவு வெட்டுவது என்பதையும் நிர்ணயிக்கின்றன. 800 என்ற எண்ணை நம்பி அங்கேயே நிறுத்திவிடாமல், மிட் குமிழை வேண்டுமென்றே மேலே ஏற்றிவைத்து, ஏதாவது ஒரு மூன்று கம்பிக் கூட்டைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டே ஷிஃப்டை மெதுவாகத் திருகிப் போனால், ஓரிடத்தில் ஒலி சகிக்க முடியாத விகாரத்தை அடையும். அந்த இடத்தில் ஷிஃப்டை நிறுத்தி, மிட் குமிழை மறுபுறம் திருப்பினால், எந்த எண்ணில் இருந்தாலும் விகாரம் விலகிவிடும். காதே கண்டுபிடிக்கும் இந்த முறைக்குப் புத்தக எண் ஈடாகாது.

ஆனால் வெட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. E9 என்று சொல்லப்படும் பிரதானச் சுருதியமைப்பில், மெட்டை அதிகமாகச் சுமப்பது 3ஆவது கம்பி. அதன் திறந்த ஒலி விநாடிக்கு 415 அதிர்வு. 12ஆம் கட்டில் எஃகை வைத்தால் இரட்டித்து 830. மூக்கொலி வாசம் செய்கிறது என்று சொன்ன அதே பிரதேசத்தில்தான் மெட்டின் உயிரும் வாசம் செய்கிறது! தனியே உட்கார்ந்து வாசிக்கும்போது நடு ஸ்தாயியை வெட்ட வெட்ட இனிமை கூடுவதுபோல் தோன்றும். வெட்டி முடித்து, டிரம்ஸும் பாஸ் கிதாரும் ஃபிடிலும் பாடகரின் குரலும் சேர்ந்துகொண்டபின், ஸ்டீல் எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கும். தனி அறையில் குறையாகத் தோன்றும் அந்தச் சிறிது மூக்கொலியே பல வாத்தியங்களுக்கு நடுவில் ஸ்டீலுக்கு முகவரி. தனியே கேட்டால் சற்றுத் தூக்கலாகத் தெரியும் அளவிலேயே மிட்டை விட்டுவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ட்வினில் இவ்வளவு நுட்பமான ஆயுதங்கள் இல்லை. அங்கே ஒரே மிடில் குமிழ். பள்ளமோ அதன் பிறவிக் குணம். ஒலி பெட்டிக்குள் அடைபட்டதுபோல் இருந்தால் சற்றுத் தாழ்த்துவதும், சோகை பிடித்ததுபோல் இருந்தால் ஏற்றுவதும் தவிர வேறு செய்ய ஏதுமில்லை. அந்த எளிமைக்காகவே ட்வினை விடமாட்டேன் என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பாஸ் குமிழைப் பற்றி ஒரே ஒரு சங்கதி. சத்தம் தாழ்ந்திருக்கும்போது மனிதக் காது கீழ்ச் சுரங்களை உள்ளபடி கேட்பதில்லை. சத்தம் ஏற ஏறத்தான் அவை முழு உருவோடு தெரியும். 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் பெல் பரிசோதனைச் சாலையில் இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். விடுதி அறையில் அண்டை அயலாருக்குப் பயந்து மெல்ல வாசித்துச் செப்பனிட்ட ஒலி, மேடையில் ஏற்றியதும் குமுறுவது இக்காரணத்தாலேயே. எனவே கச்சேரியில் எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தத்தில் வைத்தே குமிழ்களைத் தீர்மானிக்கவேண்டும். 9ஆவது, 10ஆவது கம்பிகளைச் சேர்த்து மீட்டி, இரண்டு சுரமும் தனித்தனியே காதில் பிரிந்து கேட்டால் பாஸ் போதும். ஒரே திரளாகக் கேட்டால் அதிகம்.

ட்ரெபிளைக் கடைசியில் வைத்துக்கொள்வதற்குக் காரணம், அதற்குப் போட்டியாக வித்துவானிடமே இன்னொரு குமிழ் இருப்பதுதான்: அது அவருடைய வலக்கை. பிக்கப்புக்கு அருகில் மீட்டினால் ஒலி கூர்மையாகும். கையை இரண்டங்குலம் கழுத்துப் பக்கம் நகர்த்தினால் மிருதுவாகும். 15ஆம் கட்டுக்கு மேலே 3ஆவது, 4ஆவது கம்பிகளில் ஒரு மெட்டை வாசித்து, கை இயல்பான இடத்தில் இருக்கும்போது காது கூசாத அளவில் ட்ரெபிளை நிறுத்திவிட்டால், மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். ட்வினின் பிரைட் விசையில் ஒரு தந்திரம் உண்டு: வால்யூம் தாழ்ந்திருக்கும்போது அதன் விளைவு பலமாகவும், வால்யூம் ஏற ஏற மங்கியும் தெரியும். ஆகையால் சின்ன அறையில் அணைத்து வைத்தவர் பெரிய மேடையில் போட்டுக்கொள்வதில் தவறில்லை.

ரிவெர்ப் என்ற எக்கோவை அளவோடு சேர்ப்பது எல்லோருக்கும் சொல்லவேண்டிய புத்திமதியே ஆனாலும், ஸ்டீல் வித்துவானுக்கு இருமடங்கு சொல்லவேண்டும். அவருடைய சுரங்கள் ஏற்கெனவே நீண்டவை. தவிர, ஜனங்கள் வருமுன் கூடம் வெறுமையாக இருக்கையில் சுவர்களே எதிரொலிக்கும். ஜனங்கள் நிறைந்ததும் அவர்களுடைய உடலும் உடையும் உயர்ந்த சுரங்களையும் எதிரொலியையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் ஒத்திகையில் ரிவெர்பைச் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொண்டு, முதல் பாட்டு முடிந்தபின் ரிவெர்பையும் ட்ரெபிளையும் ஒரு சிறு திருகு ஏற்றுவதற்கு இடம் விட்டுவைப்பார்கள்.

இவ்வளவு சொன்னதைக் கொண்டு, சுத்தமான ஒலியே ஸ்டீலுக்கு மோட்சம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 1969இல் ஃப்ளையிங் பரீட்டோ பிரதர்ஸ் கோஷ்டியின் முதல் தட்டில், ஸ்னீக்கி பீட் கிளைனோ வேண்டுமென்றே ஒலியைக் கரகரக்கவைத்து வாசித்தார். ‘சேக்ரட் ஸ்டீல்’ என்ற பெயரில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹவுஸ் ஆஃப் காட் தேவாலயங்களில் வளர்ந்த சம்பிரதாயத்தில், ராபர்ட் ராண்டால்ஃப் போன்றவர்கள் ஆம்ப்ளிபயரை அலறவைத்துத்தான் பக்தியை எழுப்புகிறார்கள். ஆனால் அவர்கள் அலறவைப்பது பெரும்பாலும் ஒற்றைச் சுரங்களை; கூட்டுச் சுரங்கள் வரும் இடத்தில் அவர்களுடைய பாதமும் பின்வாங்குவதைக் காணலாம். முன்னே கண்ட மாயச் சுரத்தின் கணக்கு அவர்களையும் விட்டபாடில்லை.

அனுபவசாலிகள் சிலர், பழகாத பெட்டியின் தொனிக் குமிழ்களையே நம்பாமல், உள்ளங்கை அகலத்துச் சிறு முன்ஆம்ப்ளிபயர் ஒன்றைப் பையில் கொண்டுவந்து, தங்கள் ஒலியை அதிலேயே தயாரித்துக்கொண்டு, பெரிய பெட்டியைச் சத்தத்துக்கு மட்டும் உபயோகிக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஸ்பீக்கரும் கூடமும் அவர்களோடு பையில் வராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால். இன்னும் சிலர், பிக்கப்புக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவே ஒரு சிறு மின்கருவியைப் பொருத்தி, பெடலும் நீண்ட கேபிளும் உயர்ந்த சுரங்களைத் தின்றுவிடாமல் தடுக்கிறார்கள். உறுமும் மின்னொலி கேட்டால், ஆம்ப்ளிபயரைப் பழிக்குமுன் நாற்காலியையும் வாத்தியத்தையும் சிறிது திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றுப்புறத்து மின்கம்பிகளின் உறுமலையும் பிடித்துக்கொள்ளும், திசை மாறினால் விட்டுவிடும்.

கச்சேரிக்கு ஸ்டீல் வித்துவானை அழைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஆம்ப்ளிபயர் வைக்கப்போகிறீர்கள் என்பதைப் பெயரோடு முன்கூட்டியே அவருக்கு எழுதிவிடுங்கள். அது 80 வாட்டுக்குக் குறையாததாகவும், 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் கொண்டதாகவும் இருக்கட்டும். அதைத் தூக்கி வைக்க ஒரு நாற்காலியும் கொடுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைக்கிறவர், கூம்பின் நேர்நடுவில் வைக்காமல் இரண்டங்குலம் ஓரமாகத் தள்ளி வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்கள் வருமுன், கோஷ்டி முழுவதும் கச்சேரிச் சத்தத்திலேயே ஒரு முழுப் பாட்டு வாசித்துப் பார்க்க அவகாசம் கொடுங்கள். தனியாக ஒரு மணி நேரம் குமிழ் திருகுவதைவிட அந்த ஒரு பாட்டு அவருக்கு அதிகம் உபயோகப்படும்.